கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

வாசிப்புப் பகுதி: நெகேமியா 8:1–8



இந்த வாரம் உங்களோடு சற்றுக் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். அந்தக் கண்டிப்பில் பாதி எனக்கே உரியது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த பின்னும், பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் ஆலய வளாகத்திற்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை செய்கிறவர்கள். கம்பெனிப் பேருந்து திரும்பி வரும்வரை பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, பழைய தமிழ்க் கதைநூல்களை உரக்க வாசிக்கலானேன். முதலில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதில் சில அத்தியாயங்களை வாசித்த பின், நூற்றாண்டு கடந்த வேறொரு கதைநூலை எடுத்தேன்.

அந்த இரண்டாவது நூலில் ஓரிடத்தில், வயலில் உழைக்கும் மனிதன் ஒருவனை அவனுடைய சாதிப் பெயரைச் சொல்லி எசமானன் இழித்துப் பேசுகிறான். அந்தச் சொல் என் கண்ணில் பட்டதும் நாவு தயங்கிற்று. மூச்சு விடுவதுபோல் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். என் பக்கத்தில் அமர்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, அந்த வரியில் விரலை வைத்தாள்.

“ஐயா, ஒரு வார்த்தைய விட்டுட்டீங்க.”

நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“இது எங்களைச் சொல்ற வார்த்தைதானே? பஸ்ஸுல ஒருத்தன் சொன்னான்.”

அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். அவளைக் காப்பதற்காகவே அந்தச் சொல்லை விழுங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. அவள் அந்தச் சொல்லை ஏற்கெனவே அறிந்திருந்தாள். தனியாக, துணைக்கு ஒருவருமின்றி அறிந்திருந்தாள். நான் காத்தது என்னுடைய சங்கடத்தை மட்டுமே. மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்று, அவளிடமும் அவளுடைய பாட்டியம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மூதாட்டி சொன்னது இதுதான்: “விட்டுட்டுப் படிச்சா அந்த வார்த்தை போயிடுமா ஐயா? படிங்க. படிச்சுட்டு, இது தப்புன்னு எல்லாப் புள்ளைங்க முன்னாலயும் சொல்லுங்க.”

இந்தச் செய்தி சபைக்குள் பரவியபின், மூன்று விதமான ஆலோசனைகள் எனக்கு வந்தன. பழைய கதைகளே வேண்டாம், அந்த மொழி பிள்ளைகளுக்குப் புரியாது என்றார்கள் சிலர். கதை இருக்கட்டும், கடினமான சொற்களையும் தகாத சொற்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகக் கொடுங்கள் என்றார்கள் வேறு சிலர். அந்தக் காலம் அப்படி, உள்ளதை உள்ளபடியே வாசித்துவிட்டுப் போங்கள், விளக்கம் எதற்கு என்றார்கள் மற்றும் சிலர். மூன்றையும் நான் மறுக்கிறேன். காரணங்களைக் கேளுங்கள்.

1. ‘மொழி புரியாது’ என்போருக்கு

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று அதைச் சொல்கிறோம். அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கக் கிறிஸ்தவர். தமிழில் உரைநடைக் கதைகள் இல்லையே என்ற குறையைத் தீர்க்க எழுதினார். அதன் மொழி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மொழி என்பது மெய்தான். ஆசிரியர் என்னாமல் உபாத்தியாயர் என்றும், திருமணம் என்னாமல் விவாகம் என்றும் எழுதிய காலம் அது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நம்முடைய ஆராதனையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் எந்த ஆண்டினது? போவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்ட அந்த மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. நாவலுக்கும் அதற்கும் இடையே எட்டே ஆண்டுகள். அந்த மொழியில்தான் உங்கள் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளித் தேர்வுக்கு மனப்பாட வசனங்களை ஒப்புவிக்கிறார்கள். ‘விவாகம்’, ‘துஷ்டர்’, ‘நிமித்தம்’, ‘சமீபம்’ ஆகிய சொற்களை ஐந்து வயதுப் பிள்ளையும் தடுமாறாமல் சொல்லுகிறது. அப்போதெல்லாம் ‘மொழி பழையது, பிள்ளைக்குப் புரியாது’ என்று நீங்கள் என்னிடம் வந்து முறையிட்டதில்லை.

ஆகவே குறை பிள்ளையின் செவியில் இல்லை, நம்முடைய வாயில் இருக்கிறது. வேதாகம மொழியை அவர்கள் வாரந்தோறும் கேட்கிறார்கள். நாவலின் மொழியை ஒருநாளும் கேட்டதில்லை. பழைய பதிப்பொன்றைத் திறந்தால், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கைபோல் வளைந்து நிற்கும். பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டு பக்கம் கடப்பதற்குள் வாசிக்கப் பழகிவிடும். கைப்பேசியில் மாதத்துக்கு ஒரு புதிய விளையாட்டின் விதிகளைக் கற்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பாரமா?

அந்த நாவலின் தொடக்கத்தில் ஓர் ஏற்பாடு வருகிறது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்தில் தவறினால் அவனை அடிக்கலாகாது. அவனுக்குப் பதிலாக, உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளையாகிய கனகசபையை அடிக்கவேண்டும். இதை நான் வாசித்தபோது வேப்பமரத்தடியில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒரு சிறுவன், “அவன் எதுக்கு அடி வாங்கணும்?” என்று கோபத்தோடு கேட்டான். இன்னொருவன், “அவங்க பணக்காரங்க, இவங்க அவங்ககிட்ட சம்பளம் வாங்குறவங்க” என்று விடை சொன்னான். ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் அவன். ‘உபாத்தியாயர்’ என்ற சொல் எவனுக்கும் தடையாக இருக்கவில்லை. ஐந்து வரிச் சுருக்கத்தைக் கொடுத்திருந்தால், கனகசபை பட்ட அடி அதில் இடம்பெற்றிருக்குமா? இடம்பெற்றாலும் அந்தக் கோபம் பிறந்திருக்குமா?

2. ‘எடுத்துவிட்டுக் கொடுங்கள்’ என்போருக்கு

இந்த விவாதம் நம்முடைய ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் மார்க் ட்வைன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதையில், கறுப்பின மக்களை இழிக்கும் சொல் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. 2011இல் அலபாமாவிலிருந்து வந்த ஒரு பதிப்பு, அவ்விடங்களில் ‘அடிமை’ என்ற சொல்லை இட்டது. அந்தச் சொல்லின் பொருட்டு வகுப்பறைகளில் நூலையே ஒதுக்கிவிடுகிறார்களே என்ற கவலையால் செய்யப்பட்ட மாற்றம் அது. 2023இல் ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளில் உடல் தோற்றம் முதலானவற்றைக் குறிக்கும் சொற்களைப் பதிப்பகத்தார் மாற்றினார்கள். எதிர்ப்பு எழுந்தபின், பழைய வடிவத்தையும் தொடர்ந்து அச்சிடுவதாக அறிவித்தார்கள். இவர்களுடைய நோக்கத்தை நான் பழிக்கவில்லை. ஒரு குழந்தையின் மனம் புண்படலாகாது என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆயினும் அவர்கள் எடுத்த கருவி தவறானது.

ஏன் தவறு? ஒரு சொல்லைக் கத்தரித்த நூலைச் சுற்றி இரண்டு வகைப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளை ஒன்று; அந்தச் சொல்லை வீசியவர்களின் பேரப்பிள்ளை மற்றொன்று. நம்முடைய ஆலயத்தின் பாயில் இருவரும் அருகருகே அமர்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். கத்தரித்த நூல் முதற்பிள்ளையிடம், ‘உன் பாட்டனுக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை’ என்கிறது. இரண்டாம் பிள்ளையிடம், ‘உன் பாட்டனின் நாவு சுத்தமாயிருந்தது’ என்கிறது. இரண்டும் பொய். முதற்பிள்ளை அந்தப் பொய்யை உடனே கண்டுகொள்கிறது. என் பக்கத்தில் இருந்த சிறுமி கண்டுகொண்டதைப்போல. இரண்டாம் பிள்ளை வாழ்நாள் முழுவதும் கண்டுகொள்ளாமலே போகக்கூடும்.

யோயாக்கீம் ராஜாவை நினைவில் கொள்ளுங்கள். எரேமியாவின் புத்தகச்சுருளைச் சில பத்திகள் வாசிக்கக் கேட்டதும், சூரிக்கத்தியால் அறுத்து எதிரே எரிந்த கணப்பில் போட்டான். அவன் அறுத்தது தன்னைக் குற்றப்படுத்திய வரிகளை. நம்முடைய கையிலிருக்கும் கத்தரிக்கோலும் பல வேளைகளில் அவ்வரிகளையே தேடிச் செல்கிறது. பிள்ளைக்காக என்கிறோம், நமக்காகவே வெட்டுகிறோம்.

சபை மூப்பர் ஒருவர் என்னிடம், “ஐயா, நம் செம்பரம்பாக்கம் ஏரியையே தூர் வாருகிறோமே, புத்தகத்தைத் தூர் வாரினால் என்ன?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இருபத்து நான்கு அடி ஆழமுள்ள ஏரி அது. தூர் வாரினால் அதன் கொள்ளளவு கூடும். ஆனால் நூலிலிருந்து சொற்களை வாரினால் வாசிக்கிறவனின் கொள்ளளவு குறையும். அதுவே வேறுபாடு.

புதிதாகச் சொல்வதை நான் தடுக்கவில்லை. ஜான் பனியன் 1678இல் எழுதிய மோட்சப் பயணக் கதையை, நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழ்க் காவிய மரபில் பாடி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று 1894இல் வெளியிட்டார். அவர் பனியனின் நூலில் சொற்களை வெட்டி, அதையே பனியனின் நூல் என்று கொடுக்கவில்லை. புதுப் பெயரிட்டார், தம் பெயரை வைத்தார், மூலநூல் தன்னிடத்தில் முழுமையாக நின்றது. மறுபடி சொல்லுகிறவன் தன் பெயரில் சொல்லட்டும். மறைத்து வெட்டுகிறவன்மீதே என் வழக்கு.

3. ‘உள்ளபடியே வாசித்துவிட்டுப் போங்கள்’ என்போருக்கு

பழமையை நேசிக்கிறவர்களாகிய உங்களிடத்தில் எனக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நானும் உங்களில் ஒருவன்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாமல் நமக்கு ஆராதனை நிறைவு பெறுவதில்லை. முன்சொன்ன நாவலாசிரியர் வேறு, 1774 முதல் 1864 வரை வாழ்ந்த இந்தச் சுவிசேஷக் கவிராயர் வேறு. பப்ரிசியுஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பை அவர் உயிராய் நேசித்தார். 1820களில் புதிய மிஷனெரிமார் அதைத் திருத்த முற்பட்டபோது கடுமையாக எதிர்த்தார். ‘என் செவிக்குப் பழகிய மொழியைத் தொடாதே’ என்கிற அந்த ஏக்கத்தை நான் உணர்கிறேன். ஆனால் அதே காலத்தில், ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதிப்படி பிரிந்திருப்பதை ஒழிக்க அதே மிஷனெரிமார் முயன்றபோது, அதையும் அவர் எதிர்த்தார். இதை எத்தனை பேர் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

அவருடைய கீர்த்தனைகளைப் பாடாதிருங்கள் என்று நான் சொல்லமாட்டேன்; வருகிற ஞாயிறும் பாடுவோம். ஆனால் பழைய மொழியின்மீதுள்ள அன்பு ஒருவரைப் பழைய அநீதியிலிருந்து காப்பாற்றாது என்பதற்கு, நம் சபைகளின் சரித்திரமே சாட்சி. பாட்டைக் கற்றுக்கொடுக்கிற நாம் இந்தச் சரித்திரத்தையும் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் நெருங்கி வருகிறேன். பழைய மொழிபெயர்ப்பில் ‘சப்பாணி’, ‘குஷ்டரோகி’, ‘ஊமையன்’ ஆகிய சொற்கள் வருகின்றன. இன்று நாம் மாற்றுத்திறனாளி என்கிறோம். சக்கர நாற்காலியில் வருகிற சகோதரர் ஒருவர் நம் ஆராதனையில் அமர்ந்திருக்கையில், ‘சப்பாணி’ என்று உரக்க வாசித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எத்தனை முறை பீடத்திலிருந்து இறங்கியிருக்கிறேன்! ‘அந்தக் காலம் அப்படி’ என்பது ஒரு செய்தி மட்டுமே, அது மன்னிப்பாகாது. அந்தச் சொல் இன்றைக்கு ஒருவருடைய செவியில் விழுகிறது என்றால், அதற்கு இன்றைக்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

4. அப்படியானால் எப்படி வாசிப்பது?

எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் காலை தொடங்கி நண்பகல்வரை வாசித்தார். ஆண்களும் பெண்களும், கேட்டு அறியத்தக்க யாவரும் நின்றார்கள். அதே புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்தில், யூத பாஷையைப் பேச அறியாத பிள்ளைகளைப் பற்றி வாசிக்கிறோம். ‘புரியாத மொழி’ என்ற தொல்லை அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் சுருளைச் சுருக்கவில்லை. லேவியர் ஜனங்களுக்கு நடுவே நின்று பொருளை விளங்கப்பண்ணினார்கள். நூல் முழுமையாக இருந்தது. அதன் அருகே ஒரு மனிதர் நின்றார். பழைய நாவலுக்கும் நான் கேட்பது இதுவே.

பிள்ளைக்கு வாசிக்குமுன் நீங்கள் தனியே ஒருமுறை வாசியுங்கள். பிள்ளையின் வயதுக்குத் தகாத நூலாயிருந்தால், அதை எடுத்து வைத்து, நான்கு ஆண்டு கழித்துத் திறவுங்கள். காத்திருப்பது வேறு, கத்தரிப்பது வேறு. காத்திருக்கிறவன் பொய் சொல்வதில்லை.

பிற பிள்ளைகளையும் சேர்த்து வாசிக்கும்போது, எவருடைய குடும்பத்தைக் காயப்படுத்திய சொல் அதில் வருகிறதோ, அந்தப் பெற்றோரிடம் முன்னதாகப் பேசுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த நூலை அங்கே வாசிக்காதிருங்கள். அந்தச் சொல் வருமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள், மற்றவர்களையும் பார்க்கவிடாதீர்கள். பார்க்கப்பட வேண்டியவன் அந்தச் சொல்லைச் சொன்னவன்.

அங்கே நிறுத்துங்கள். ‘இது தவறு’ என்று உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள். பிறகு கேள்வி கேளுங்கள். வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாளும் இடம் வரும்போது, பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டி முடித்தபின், ‘அவள் பெண்ணாகவே இருந்து ஏன் ஆளக்கூடாது?’ என்று கேளுங்கள். பெண்கல்விக்காக வாதாடிய அந்த ஆசிரியருக்கே அது எவ்வளவு தூரம் கைகூடியது, எங்கே நின்றுபோயிற்று என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நேரமில்லை என்பீர்கள். அறிவேன். மூன்று ஷிப்டுகளில் ஓடும் தொழிற்சாலைகளின் நடுவே நம் வீடுகள் இருக்கின்றன. தகப்பன் வருகையில் பிள்ளை உறங்குகிறது, பிள்ளை எழுகையில் தகப்பன் உறங்குகிறான். நம் சபையில் ஒரு சகோதரர், இரவு ஷிப்டின் தேநீர் இடைவேளையில் இரண்டு பக்கங்களை வாசித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மகளுக்கு அனுப்புகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ‘இந்த வார்த்தை எனக்கும் தெரியல பாப்பா, காலையில பாக்கலாம்’ என்றும் அதில் சொல்கிறார். அதைவிட மேலான உரை எனக்குத் தெரியாது. அறியாததை அறியேன் என்று பிள்ளைக்கு முன்பாகச் சொல்லுகிற தகப்பன், பழைய நூல் எதையும் வாசிக்கத் தகுதியுள்ளவன்.

பிரியமானவர்களே, அந்தச் சிறுமியும் அவளுடைய பாட்டியம்மாவும் இசைந்தபின், மே மாதத்தில் மூடிய பக்கத்தைக் கடந்த வாரம் மறுபடியும் திறந்தோம். பாட்டியம்மாவும் வந்து ஆலயப் படியில் அமர்ந்திருந்தார்கள். அந்தச் சொல்லை விழுங்காமல் வாசித்தேன். நிறுத்தினேன். இது பாவம் என்றேன். இந்தச் சொல்லைச் சொன்னவர்கள் நம்முடைய முன்னோரிலும் இருந்தார்கள், திருச்சபையிலும் இருந்தார்கள் என்றேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு, எந்தக் குடும்பத்தில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது என்று நான் அஞ்சுகிறேனோ, அந்தக் குடும்பத்துச் சிறுவன் கேட்டான்: “அவன் அப்படிச் சொன்னப்போ பக்கத்துல இருந்தவங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

கதையில் ஒருவரும் கேட்கவில்லை. அதை அவனுக்குச் சொன்னேன். அவன் வீட்டிற்குச் சென்று அதே கேள்வியை அங்கே கேட்டிருப்பான் என்று நம்புகிறேன். கத்தரித்த புத்தகத்திலிருந்து அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, அதே வேப்பமரத்தடியில் அடுத்த அத்தியாயம். பிள்ளைகளை அனுப்பினால் போதாது, நீங்களும் வாருங்கள். பாயில் உங்களுக்கும் இடமுண்டு.

கர்த்தர் உங்கள் வீட்டையும், உங்கள் நாவையும், உங்கள் பிள்ளைகளின் செவிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் போதகர்,
செம்பரம்பாக்கம்